ஈப்போச் சம்பளம்

கோப்பிக் கடையில் தேநீர் வந்தால் அப்துல் அஜீஸ் உடனே குடித்துவிடமாட்டார். கோப்பையை மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடுவார். "அண்ணே, இது நம்ம தூள் இல்லையே! யார்ட்ட மாறுனீங்க?" என்பார். மாட்டிக்கொண்ட கடைக்காரர் சிரித்துவிடுவார். தேநீர் ஆறுமுன் புது ஆர்டர் எழுதியாகிவிடும்.

தேயிலைக் கம்பெனியின் மூத்த விற்பனையாளர் அவர். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலிருந்து கேலாங் வரை பெரிய கடைகளெல்லாம் அவர் பொறுப்பு. மாதிரிப் பொட்டலம் வைத்து வைத்து, வெள்ளைச் சட்டைப் பையில் பழுப்புக் கறை. "அதான்லா நம்ம விசிட்டிங் கார்டு" என்பார்.

சென்ற மாதம் மேலாளர் இராஜசிங்கம் அவரை வடக்கே மலாயாவிலுள்ள ஈப்போக் கிளைக்குப் போகச் சொன்னார். அதே பதவி, அதே வேலை. சம்பளம் மட்டும் மாதத்துக்கு அறுபது வெள்ளி குறைவு.

"அங்க வீட்டு வாடகை மலிவு, அஜீஸ். ஊருக்கு ஊர் சம்பளம் வேற. ஹெட் ஆபீஸ் கணக்கு அப்படி."

"நம்ம தேயிலைய அங்க விலை குறைச்சா விக்கிறோம் சார்?"

"முதல்ல போய்ப் பாரும்."

மனைவி ஹலீமாவோடு ரயிலேறினார். வாடகை உண்மையிலேயே பாதிதான். வாசலில் ரம்புத்தான் மரம் நின்ற ஒரு வீட்டை விட்டு ஹலீமா நகரவே இல்லை. "இங்கேயே இருந்துருவோங்க" என்றார்.

மறுநாள், அங்கே அதே வேலை பார்க்கும் கோவிந்தசாமியோடு அஜீஸ் சுற்றினார். கடைக்குக் கடை மைல் கணக்கில் பஸ் பயணம். பஸ் காசும் பகல் சாப்பாடும் சொந்தச் செலவு. வாடகையில் மிஞ்சியது வழியிலேயே கரைந்தது. "ஆறு வருசமா இப்படித்தாண்ணே ஓடுது" என்றார் கோவிந்தசாமி.

திரும்பி வந்து அஜீஸ் இதையெல்லாம் சொன்னார். ஒரு வாரம் கழித்து மேலாளர் இடமாற்றக் காகிதத்தை நீட்டினார். "உமக்குச் சிங்கப்பூர்ச் சம்பளமே வாங்கியிருக்கிறன். கையெழுத்துப் போடும்."

அஜீஸ் பேனாவைத் திறந்தார். ரம்புத்தான் மர வீட்டு ஜன்னல்களுக்குத் திரை தைக்க ஹலீமா துணிகூட வாங்கிவிட்டிருந்தார். பேனாவை மூடினார்.

"கோவிந்தசாமிக்கு?"

"அவருக்கென்ன இப்ப?"

"அவரும் அதே பஸ்லதானே சார் போறாரு? அவருக்கு இல்லேன்னா எனக்கும் வேணாம்லா."

மேலாளர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே தொலைபேசியை எடுத்துத் தலைமை அலுவலகத்தோடு நெடுநேரம் வாதாடினார். வியர்வையைத் துடைத்தபடி தொலைபேசியை வைத்தார். "சரியாம்! ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம்."

அஜீஸ் கையெழுத்துப் போட்டார். "அந்தாளுக்கு நானே சொல்லிடுறேன் சார்" என்று தொலைபேசியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.