கனமான லேப்டாப்

கனமான லேப்டாப்தான் நல்ல லேப்டாப் என்று நம்பியிருந்தேன். விதைநெல்லை உப்புத் தண்ணீரில் கொட்டி, மிதக்கும் பதரைத் தள்ளிவிடும் குடும்பத்தில் பிறந்த புத்தி அது. நான் உருவாக்கிய வாத்து மேய்க்கும் கேமை மறுநாள் சென்னையில் காட்ட வேண்டும். பழைய கணினியோ காலையில் உயிரை விட்டிருந்தது. தஞ்சாவூர்க் கடையில் ஒவ்வொரு லேப்டாப்பாகத் தூக்கி எடை பார்த்தேன். நாளைக்குக் கேமைக் காட்ட வேண்டுமே என்று வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே இருந்தேன்.

என் புலம்பலை நான்கு முறை கேட்டுவிட்ட கடைக்காரம்மா, “சார், தேங்காயா வாங்குறீங்க? கழுத்துல தாயத்து மாதிரி பென்டிரைவ் தொங்குதே, அதுலதானே கேம் இருக்கு? இதுல ஓட்டிப் பாருங்க” என்று இருப்பதிலேயே லேசான ஒன்றை நீட்டினார்.

“இது பதராட்டம் இருக்குங்களே!”

“முளைக்குதான்னுதான் பாருங்களேன்.”

ஓட்டினோம். இருநூறு வாத்துகளும் திணறாமல் வாய்க்காலைக் கடந்தன. அதையே வாங்கினேன். சென்னையிலும் கேம் ஒருமுறைகூட நிற்கவில்லை.