என் வகுப்பின் ஐந்தாவது விதி

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சம் இல்லை. முதலாம் ஆண்டு பி.காம் வகுப்புக்கு நிதிக் கணக்கியல் எடுக்கச் சொன்னார்கள். பாடத்தைத் தொடங்கும் முன்பே ஒரு பக்கத்துக்கு விதிகளை எழுதி, அறுபது பிரதி எடுத்து, ஒவ்வொருவர் நோட்டிலும் முதல் பக்கத்தில் ஒட்ட வைத்தேன். அடியில் மாணவர் கையெழுத்து, அதற்கும் அடியில் வீட்டுப் பெரியவர் கையெழுத்து. பாதிப் பேர் வீட்டில் அது என்ன ஏது என்று கேட்காமலே போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

இரண்டாவது மணி அடித்த பிறகு யாரும் உள்ளே வரக் கூடாது. திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளைகள் பஸ் லேட்டாகும் என்றார்கள். முந்தின பஸ்ஸில் வாருங்கள் என்றேன். முந்தின பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கவில்லை. கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம், செல்போன் கூடாது. பென்சிலில் எழுதிய விடைக்கு மதிப்பெண் கிடையாது. வீட்டில் போட வேண்டிய கணக்கு வெள்ளிக்கிழமை காலை என் மேஜையில் இருக்க வேண்டும், காய்ச்சல் தலைவலி எதுவும் செல்லாது. ஐந்தாவது விதியை மட்டும் தடித்த எழுத்தில் அடித்திருந்தேன். பார்த்து எழுதியவருக்கும் பார்க்கக் கொடுத்தவருக்கும் பூஜ்யம். துறைக்கு எழுத்து மூலம் புகார் போகும். பிடிபட்டவர் என் முன்னால் உட்கார்ந்து அதே மாதிரி வேறொரு கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும்.

துறைத் தலைவரிடம் வாசித்துக் காட்டினேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தவர், நிதானமான மனிதர். "போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டலாம் போல இருக்கேம்மா" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் புகாரில் ஒரு வினை இருந்தது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு எங்கள் கல்லூரி பாதிக் கட்டணம்தான் வாங்கும். ஆனால் யார் மேலாவது எழுத்து மூலம் புகார் போய் முதல்வர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தச் சலுகை அந்த வருடத்தோடு நின்றுவிடும். அப்படி நின்றுபோனவர்கள் அடுத்த வருடம் வரமாட்டார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் விதியில் சேர்த்தேன், பயம் இருந்தால்தான் படிப்பார்கள் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரேட்டுக் கணக்குகள் திருத்திக்கொண்டிருந்தேன். வாரக் கடைசியில் வாங்கி வந்த நோட்டுகள். இரண்டு நோட்டுகளில் ஒரே தப்பு இருந்தது.

கணக்குப் படிக்காதவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாடப்படி ஒருவர் பேரில் எழுதும் கணக்கில் அவர் நமக்குத் தர வேண்டியது, அதாவது பற்று, இடது பக்கம் வரும். அவர் கொடுத்தது, அதாவது வரவு, வலது பக்கம். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பழைய கடைப் பேரேடுகளில் இது அப்படியே மாறி இருக்கும். வரவு இடது, பற்று வலது. கடையில் அதுதான் சரி, அதனால் எந்தக் கணக்கும் உதைக்காது. என் வகுப்பில் அது தப்பு. இந்த இரண்டு நோட்டுகளிலும் மூன்று பேர் கணக்கும் கடைப் பேரேடு மாதிரியே பக்கம் மாறிக் கிடந்தன. தொகைக்குப் பின்னால், யாரும் ஒரு பூஜ்யத்தைக் கூட்டிவிடக் கூடாது என்று கடைகளில் இழுப்பார்களே, அந்தச் சின்னக் கோடுகூட இரண்டிலும் இருந்தது.

எனக்கு அந்தக் கோடு தெரியும். மல்லாங்கிணற்றில் அப்பா வைத்திருந்த மாட்டுத்தீவனக் கடையில் அந்தக் கோட்டைப் பார்த்து வளர்ந்தவள் நான். இது கடை வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு என்று அடித்துச் சொல்லுவேன்.

ஒரு நோட்டு, பாளையம்பட்டியில் பெரிய ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் மகளுடையது. முதல் வரிசையில் உட்காருவாள். இன்னொன்று திருச்சுழிக்கு அந்தாண்டை ஒரு கிராமத்திலிருந்து வருகிற பெண்ணுடையது. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். தாத்தா காலத்தில் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போன குடும்பம். அவள் வீட்டில் ஏது பேரேடு? எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மறுநாள் முதல் மணி நேரத்தில் இரண்டு பேரையும் எழுப்பினேன். கடைக்காரர் மகளின் முகத்தில் ஈயாடவில்லை. திருச்சுழிப் பெண் நேராக நின்றாள்.

"இந்தத் தப்பு எல்லாருக்கும் வராது. உனக்கு எப்படி வந்துச்சு?" என்று திருச்சுழிப் பெண்ணைக் கேட்டேன்.

அவள் என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள்.

"பாத்து எழுதுனியா?"

அவள் பக்கத்தில் நின்றவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "ஆமா மேம், நாந்தான் பாத்து எழுதுனேன்" என்றாள்.

என் கோபம் மூக்குக்கு மேல் வரும், வந்தால் நாக்கு சும்மா இருக்காது. பாதிக் கட்டணத்தில் படிக்க வந்துவிட்டு இந்த வேலையா என்று அறுபது பேர் முன்னால் கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி. அவள் தலையைக் குனியவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அடுத்த இடைவேளையில் புகாரை எழுதினேன். என் விதிப்படி இரண்டு பெயரும் அதில் இருக்க வேண்டும். நான் ஒரு பெயர்தான் எழுதினேன். கடைக்காரர் மகளை வராந்தாவில் நிறுத்தி, "இனிமே யாருக்கும் நோட்டைக் குடுக்காதே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நல்ல பிள்ளை, பாவப்பட்டுக் கொடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், போய்விட்டாள். துறைத் தலைவர் புகாரை வாங்கிப் பார்த்துவிட்டு, மூன்று மணிக்கு முதல்வரிடம் போகும் தாள்களோடு வைத்தார்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் திருச்சுழிப் பெண் ஆசிரியர் அறைக்கு வந்தாள். விதிப்படி மறுபடி கணக்குப் போட வேண்டுமே. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். தடுமாறுவாள், அழுவாள், நாலு வார்த்தை சொல்லி அனுப்பலாம் என்று இருந்தேன்.

அவள் தடுமாறவில்லை. குறிப்பேட்டுப் பதிவுகளை மளமளவென்று எழுதினாள். பேரேட்டுக்கு வந்ததும், ஒருவர் பணம் கொடுத்த வரியை எழுத அவள் பேனா தானாக இடது பக்கம் போனது. பாதித் தொகை எழுதியபின் நின்றாள். அடித்துவிட்டு வலது பக்கம் எழுதினாள். தொகை முடிந்ததும் அந்தச் சின்னக் கோட்டை இழுத்தாள். பார்த்து எழுத அங்கே யாரும் இல்லை.

அந்தத் தாளை என் பக்கம் இழுத்தேன்.

"இத எங்க கத்துக்கிட்ட?"

"கடையில மேம்."

"எந்தக் கடையில?"

பேனாவை மூடினாள், திறந்தாள். கெஞ்சிக் கேட்டபிறகுதான் சொன்னாள். பிளஸ் டூ முடித்ததிலிருந்து சாயங்காலம் பாளையம்பட்டியில் ஒரு கடையில் வேலை செய்கிறாள். பில் எல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஆனால் முதலாளி பழைய வழக்கப்படி ஒரு கைப்பேரேடும் வைத்திருக்கிறார். கணக்குப்பிள்ளைக்குக் கண் மங்கிவிட்டதால் அதை இவள் எழுதுகிறாள். முதலாளி, முதல் வரிசைப் பெண்ணின் அப்பா.

"அப்ப உன் நோட்டைத்தான் அவ பாத்து எழுதுனாளா? அவுக கடைதானே? அவளுக்குத் தெரியாதா?"

"அவுக வீட்ல பொம்பளப் பிள்ளைகளக் கடைக்குள்ள விட மாட்டாக மேம். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் அந்தக் கோட்டை வெளியில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். கல்லாவுக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை. அது ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாபகம் வரவில்லை.

"நீ ஏன் குடுத்த? ரூல் தெரியும்ல?"

"முதலாளி மக கேட்டா எப்படி மேம் மாட்டேன்னு சொல்ல?"

நான் எழுந்தேன். "வா, இப்பவே சார்கிட்டப் போய்ச் சொல்லுவோம். பேரை மாத்திக் குடுத்துர்றேன்."

அவள் எழுந்து வழியில் நின்றாள். அதுவரை கலங்காத முகம் அப்போதுதான் கலங்கியது. "வேண்டாம் மேம். அது பேரு போச்சுன்னா அவுக அப்பாவக் கூப்பிடுவாக. யாரு சொன்னான்னு கேப்பாக. நாளைக்கே என்னைய வர வேண்டாம்னுருவாக. பாதி பீஸு அந்தக் கடைச் சம்பளத்துலதான் கட்டுறேன்."

புகார் போனால் சலுகை போகும். உண்மை வெளியே போனால் வேலை போகும். எப்படிப் போனாலும் இந்தப் பெண் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த இரண்டுக்கும் நான் ஒருத்தியே காரணம். மணி இரண்டேகால். அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டுத் துறைத் தலைவர் அறைக்கு ஓடினேன். நடந்தேன் என்று எழுத ஆசைதான், ஓடத்தான் செய்தேன்.

தாள்கள் இன்னும் அவர் மேஜையில் இருந்தன. என்னுடையது மேலேயே இருந்தது.

"சார், அந்தப் புகாரைத் திரும்ப எடுத்துக்கிறேன்."

"எழுதிக் குடுத்ததத் திரும்ப எடுக்கணும்னா காரணத்த எழுதிக் குடுக்கணும்மா. என்ன காரணம்?"

வரும் வழியில் யோசித்து வைத்திருந்தேன். "அந்தக் கணக்க ரெண்டு ரெண்டு பேராச் சேர்ந்து போடலாம்னு நானே சொல்லியிருந்தேன் சார். மறந்துட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா சொன்னீக?"

"ஆமா சார்."

"அஞ்சாவது ரூல எங்கிட்ட ரெண்டு தடவ வாசிச்சீகளேம்மா."

"மறந்துட்டேன் சார்."

வருடாவருடம் புதுப்பிக்கிற வேலை என்னுடையது. அடுத்த மார்ச்சில் என் ஃபைலைத் திறப்பவர் இவர்தான். "எழுதிக் குடுங்க. ஆனா இது உங்க ஃபைலுக்குப் போகும். கவனக்குறைவுன்னு நான் குறிப்பு எழுதணும். சம்மதமா?" என்று கேட்டார். சம்மதம் என்றேன். எழுதினேன். பொய்க் காரணம் சொல்பவர்களுக்கு இந்த வகுப்பில் இடமில்லை என்பது என் எட்டாவது விதி. அதை நினைக்காமல் கையெழுத்துப் போட்டேன். அவர் புகாரை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, மற்றத் தாள்களை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குக் கிளம்பினார்.

கடைசி மணி நேரமும் அதே வகுப்பு. அறுபது பேர் முன்னால் சொன்னதை அறுபது பேர் முன்னால்தான் திரும்ப வாங்க வேண்டும். "காலையில நான் பேசுனது தப்பு. சேர்ந்து போடலாம்னு நானே சொல்லிட்டு மறந்துட்டேன். பாதிக் கட்டணம்னு சொன்னேன் பாருங்க, அது அதைவிடத் தப்பு" என்றேன். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அறுபது பேருக்கும் தெரியும். முதல் வரிசைப் பெண் மேஜை மேல் கவிழ்ந்து அழுதாள். ஏன் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "அப்ப இனிமே நாங்களும் சேர்ந்தே போடலாமா மேம்?" என்றான். வகுப்பு சிரித்தது. போடலாம் என்றேன், வேறென்ன சொல்வது.

மணி அடித்து எல்லோரும் கலைந்தபின் திருச்சுழிப் பெண் மட்டும் பையை மாட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். நன்றி சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்தேன்.

"ஒரு டவுட்டு மேம்."

"கேளு."

"ரெண்டு நோட்டுலயும் ஒரே தப்புதான இருந்துச்சு. பாத்து எழுதுனது நாந்தான்னு எத வச்சுக் கண்டுபிடிச்சீக?"

கணக்கில் சந்தேகம் கேட்கிற அதே குரல். அதில் கொஞ்சம் குத்தல் இருந்திருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று வாய்வரை வந்தது. அன்றைக்கு ஒரு பொய் போதும் என்று பட்டது.

"உங்க வீட்ல கடை இல்லல்ல. அதான்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன் மேம். கடைக்கு நேரமாச்சு, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பாளையம்பட்டி பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.