பொன்முடிப் பாதையின் ஸ்டே பஸ்ஸும் என் படிவத்தில் விட்டுப்போன நிறுத்தமும்

வெள்ளிக்கிழமை காலை 6.42க்குப் போன் வந்தது. வீட்டு லேண்ட்லைனில் இருந்து அழைத்தவர் மாமா, என் மனைவி செல்வியின் அப்பா. கல்லாறுக்கு மேலே, பொன்முடி போகும் வழியில் உள்ள தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

"மோனே, நம்ம ஸ்டே பஸ்ஸ நிறுத்தப் போறாங்களாம். நகரத்துல யாரோ கம்ப்யூட்டர்ல கணக்கெடுத்தாங்களாம். இங்கேருந்து ஒருத்தரும் ஏறலியாம். ஞாயிறு கிராம சபை இருக்கு, ஆபீசர் வாராரு. நீ வந்து ரெண்டு வார்த்தை பேசணும் கேட்டியா."

சரி என்றேன். அந்தக் கணக்கை எடுத்தவன் நான்தான் என்று சொல்லவில்லை.

செல்வி இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அடக்கம் முடிந்த பதினோராம் நாள், கழக்கூட்டத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம், கம்ப்யூட்டர் எஞ்சினியரான என்னிடம் ஆன்லைன் படிவம் ஒன்று கேட்டது. பொன்முடி போகத் தினமும் விடியற்காலை பஸ் வேண்டும் என்று மனு கொடுக்க, அந்தப் பாதை முழுவதும் யார் எங்கே ஏறுகிறார்கள் என்ற கணக்கு வேண்டுமாம். எதையும் உணராமல் செய்யக்கூடிய வேலை. செய்தேன். நிறுத்தங்களின் பெயர்களை டிக்கெட் கட்டணப் பட்டியலில் இருந்து எடுத்துப் போட்டேன். அந்தப் பட்டியலில் கட்டணம் மாறும் இடங்கள் மட்டும்தான் இருக்கும். செல்வியின் ஊர் அப்படிப்பட்ட இடம் அல்ல. அவளோடு அங்கே எத்தனையோ முறை இறங்கியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அடுத்த இடத்துக்கான டிக்கெட்டை எடுத்துக்கொண்டு. படிவம் செய்யும்போது அது நினைவுக்கே வரவில்லை.

ஞாயிறு காலை 5.35க்குக் கிளம்பினேன். கழக்கூட்டத்தில் இருந்து நகரத்தின் தம்பானூர் பஸ் நிலையத்துக்கு 16 கிலோமீட்டர், பஸ்ஸுக்கு 22 ரூபாய். அங்கே 6.50க்குப் பொன்முடி பஸ், டிக்கெட் 61 ரூபாய். நெடுமங்காடு 7.40, விதுரை 8.25, கல்லாறு 8.45. இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், கல்லாறு வரும்போது ஆறு அந்தப் பக்கம்தான் தெரியும். அதற்கு மேல் வளைவுகள். போனில் சிக்னல் இருக்காது. 9.05க்கு இறங்கினேன்.

ஸ்டே பஸ் என்றால் தெரியாதவர்களுக்கு: இரவு கடைசி நடையாக ஊருக்கு வந்து, அங்கேயே தங்கி, விடிந்ததும் நகரத்துக்கு முதல் நடை போகும் பஸ். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் படுக்க ஊர்க்காரர்களே ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். காலையில் பால் இல்லாத கட்டஞ்சாயாவும் அவர்கள் பொறுப்பு. 5.30க்குக் கிளம்பினால் 7.40க்கு நகரம். எங்கள் சங்கத்தின் மனுவை ஏற்றால் இதே பஸ் இரவில் நகரத்திலேயே நிற்கும், காலையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மேலே வரும். அப்படியானால் இங்கிருந்து முதல் பஸ் 8.15க்கு.

பத்தரைக்குப் பள்ளிக்கூடத்தில் சபை கூடியது. மூன்று கட்சிக்காரர்களும் மூன்று ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் எல்லாருக்கும் கோபம் ஒரே திசையில்.

"நகரத்துக்காரனுக்கு ஓட்டு கார்ப்பரேஷன்ல. நம்ம பஸ்ஸு மட்டும் வேணும், அல்லே?" என்றார் ஒருவர்.

"ஓட்டு கேக்க நம்மகிட்ட வந்தாலாவது ஒரு சாயா குடுக்கலாம்," என்று எதிர்க்கட்சி ஓரத்தில் இருந்து பதில். சிரிப்பு.

மாமாவின் பக்கத்து வீட்டு சரசு அக்கா எழுந்தார். நகரத்தில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை. "எட்டு மணிக்கு நான் கையெழுத்து போடணும் சாரே. பத்தரைக்குப் போனா அவங்க வேற ஆள வச்சிருவாங்க. பின்னே ரெண்டு புள்ளைங்களோட எங்க போவேன்?"

போக்குவரத்துக் கழக அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். "மனசிலாயி அம்மா, புரியுது. பக்ஷே பேப்பர்ல இங்கத்தக் கணக்கு பூஜ்யம் ஆச்சே. நான் என்ன செய்ய?"

எழுந்து நின்றேன். "சார், அந்தப் படிவம் நான் செஞ்சது. இந்த ஸ்டாப்ப அதுல போடவே இல்ல. தப்பு என்னோடது."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓகோ, அப்ப எஞ்சினியர் சாருக்கு நாங்க எல்லாம் பேயா?" என்றார் சரசு அக்கா. "தெனமும் பஸ்ல வாறது பேயிங்களா?"

"பேய்க்குப் பாதி டிக்கெட்டா முழு டிக்கெட்டா?" என்று பின்னால் இருந்து ஒரு குரல்.

கரும்பலகையில் பஸ்ஸின் இருக்கைகளைக் கட்டம் கட்டமாக வரைந்தேன். ஸ்டே பஸ்ஸில் வருபவர்களுக்கு இருக்கை நிரந்தரம், பல வருட வழக்கம். யார் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டேன். மூன்று ஓரங்களும் ஒரே நேரத்தில் கத்தின. இங்கே பகையாளிகளாக இருந்த இரண்டு பேர் பஸ்ஸில் ஒரே இருக்கையாம். சபைக்கு வராதவர்களின் பெயர்களையும் எதிர்க்கட்சிக்காரர்களே சொன்னார்கள்.

"இடப்பக்கம் மூணாவது, ஜன்னல்?" என்று கேட்டேன்.

"அது நான்தான் தம்பி," என்றார் சரசு அக்கா. "முன்னாடி செல்வி. காலேஜ் போன காலத்துல."

சரசு என்று எழுதினேன். விரல்கள் அழுத்தியதில் சாக்பீஸ் ஒடிந்தது. ஐந்து மாதத்தில் என் உடம்பு தானாகச் செய்த முதல் காரியம் அது.

முப்பத்தொரு பெயர்கள். அதிகாரி பலகையைப் படம் எடுத்துக்கொண்டார். உத்தரவை நிறுத்திவைப்பதாகவும், ஒரு மாதம் நடத்துநர் கையாலேயே எண்ணிக் கணக்குக் கொடுக்கட்டும் என்றும் சொன்னார். அதுவரை ஸ்டே பஸ் ஓடும். தீர்மானத்தில் மூன்று கட்சிக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே வந்ததும் மாமா கேட்டார்: "வெள்ளிக்கிழமையே பறஞ்சிருக்கலாம்லா?"

"பயமா இருந்தது மாமா."

"உனக்குப் பயம் வந்துதா? அவ போனப்பறம் உனக்கு ஏதாவது தோணுச்சே, நல்லது," என்றார்.

மாலை கல்லாறுக்கு இறங்கி, சங்கத்தின் குழுவுக்குப் பலகையின் படத்தை அனுப்பினேன். தவறு எங்கே என்று எழுதினேன். சிலர் திட்டினார்கள். ஆனால் நான்காம் மாடியில் இருக்கும் ஒருவர், "அப்படியானால் நமக்குத் தனி பஸ் கேட்போம், அவர்களுடையதை ஏன் பிடுங்க வேண்டும்?" என்று எழுதினார். அதற்குப் பதினான்கு பேர் ஆமோதித்தார்கள். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

போக நினைப்பவர்களுக்கு: குடை, சில்லறை, அட்டைப்பூச்சிகளை விரட்டத் தைலமோ கொஞ்சம் உப்போ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ்ஸில் மேலே வந்தால் ஓட்டுநரிடம் பேசுங்கள், ஊரைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். நகரத்தில் இருந்தபடி ஒரு நிறுத்தத்தில் யாரும் ஏறுவதில்லை என்று தோன்றினால், ஒருநாள் அந்த நிறுத்தத்தில் போய் நில்லுங்கள்.

இதை இங்கே கல்லாறில் ஒரு சாயாக்கடையின் வைஃபையில் மடிக்கணினியில் இருந்து பதிவேற்றுகிறேன். இன்று இரவு மாமா வீட்டில் தங்கல், நாளை 5.30க்கு முப்பத்திரண்டாவது ஆளாக நானும் ஏறுகிறேன். சங்கத்தில் இருந்து இன்னும் அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். சந்தேகம் இருப்பவர்கள் நேரில் வந்து எண்ணிக்கொள்ளலாம். போனை அணைத்துவிட்டேன்.