தம்பி ஆஃப்லைன்

எங்கள் வீட்டில் நெட் கனெக்‌ஷனைக் கவனித்துக்கொள்வது நான்தான். கவனிப்பது என்றால் ரௌட்டர் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருப்பது. பச்சையாக எரிந்தால் நிம்மதி. ஃபைபர் ஒயர் எங்கேயாவது அறுந்து சிவப்பு விளக்கு வந்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இத்தனைக்கும் இன்டர்நெட்டில் எனக்கு அப்படி ஒன்றும் வேலை கிடையாது. விவசாயி நான். மழை வருமா என்று பார்ப்பேன், மணிலாக்கொட்டை விலை பார்ப்பேன், அவ்வளவுதான். என் கவலையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் தம்பியைப் பற்றியது.

எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே வீடு. கரும்பு வண்டி போக வழி விடுவதில் பேச்சு முற்றி, அவன் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, கடைசியில் வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டோம். அண்டா, குண்டான், ஏணி, கிணற்று மோட்டார் ஓட்டும் முறை என்று எல்லாவற்றையும் பிரித்தோம். வைஃபையைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. ரௌட்டர் என் பங்குக்கு வந்த அறையில் புதுச் சுவரை ஒட்டி இருந்தது. பாஸ்வேர்டு அவன் போனில் ஏற்கெனவே ஏறியிருந்தது. எங்கள் பேச்சு நின்ற பிறகும் அவன் போன் தானாகக் கனெக்ட் ஆகிக்கொண்டிருந்தது. நான் பாஸ்வேர்டை மாற்றவில்லை, அவனும் வேறு கனெக்‌ஷன் வாங்கவில்லை. இதைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

ஒருமுறை ஒயர் சரிசெய்ய வந்த லைன்மேன் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார். நம் வைஃபையில் யார் யார் போன் இருக்கிறது என்று அது காட்டும். என் போன், மனைவியின் போன், டிவி. அதற்குக் கீழே தம்பி போன், தம்பி மனைவி போன். இருந்தால் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சாம்பல் நிறத்தில் ‘ஆஃப்லைன்’.

“வெளியாளுங்க யாராவது இருந்தா பிளாக் பண்ணிடலாங்க” என்றார் லைன்மேன்.

“வெளியாளுங்க யாரும் இல்லப்பா” என்றேன்.

இந்த வைஃபையில் இரண்டு பேண்டு இருக்கிறதாம். ஒன்று வேகம் ஜாஸ்தி, ஆனால் சுவரைத் தாண்டாது. இன்னொன்று மெதுவாக ஓடும், சுவரைத் தாண்டிப் போகும். வேகமானதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மெதுவானதும் இருக்கட்டும் என்றேன். அடுப்படியில் என் மனைவி சிரித்தது எனக்குக் கேட்டது.

அன்றிலிருந்து சாயங்காலமானால் ஆப்பைத் திறந்து பார்ப்பேன். தம்பி போனுக்குப் பச்சைப் புள்ளி வந்தால் அவன் வீடு வந்துவிட்டான் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் வேறு வேலை ஓடும்.

பேச்சு இல்லையே தவிர எங்களுக்குள் சாடை உண்டு. நெட் போய்விட்டால் தம்பி மனைவி தோட்டத்துச் சுவரோரம் வந்து, “காலையிலேர்ந்து நெட்டு இல்ல, கேக்கறதுக்கு நாதியில்ல” என்று கோழியிடம் சொல்வாள். நான் என் மனைவியிடம், அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி, “லைன்மேனுக்குச் சொல்லிட்டேன், மத்தியானம் வராரு” என்பேன். கோழிக்குப் பதில் கிடைத்துவிடும்.

இந்த அரவைப் பருவத்தில் கரும்பு வெட்டச் சொல்லி மில்லிலிருந்து தம்பிக்குக் கட்டிங் ஆர்டர் வந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டரோடு அவனும் மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கிளம்பினான். மில் யார்டில் வண்டிகள் வரிசையில் நிற்கும், ஒரு ராத்திரி தங்குவது சகஜம். அதனால் அன்றைக்கு அவன் போன் ஆஃப்லைனில் இருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய். எடுத்துக்கொண்டேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் சாயங்காலம் டீக்கடையில் ஒருவர், “மில்லு ரோட்டுல கரும்பு டிராக்டரு ஒண்ணு கவுந்துடுச்சாம்” என்றார்.

“யாரு வண்டி?”

“தெரில. நம்ம பக்கத்து வண்டின்னுதான் சொல்லிக்கினு இருக்காங்க.”

டீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஆப்பைத் திறந்தால் தம்பி ஆஃப்லைன். வீட்டுக்குள் டவர் எடுக்காது. மாடிக்கு ஏறி, பேச்சு நின்ற பிறகு முதல்முறையாக அவன் நம்பரை அழுத்தினேன். சுவிட்ச் ஆஃப் என்றது. இறங்கும் அவசரத்தில் படியில் தடுமாறினேன்.

“போயி அவகிட்டயே கேட்டுடுங்களேன்” என்றாள் என் மனைவி.

“இன்னான்னு கேக்கறது? வண்டி கவுந்துச்சாமே, ஒம் புருசன் வண்டியான்னா? அவளுக்குச் சேதியே வராம இருந்தா?”

சுவரில் காதை வைத்தேன். அந்தப் பக்கம் மிக்சி ஓடியது. குழம்புக்கு அரைக்கிறாள். தெரியாததால்தான் அரைக்கிறாளோ என்று நினைத்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் மிக்சி நின்றது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. வாசல் பக்கம் போய்விட்டாள் போலிருந்தது. அவள் வாயைத் திறந்து சாடையாக ஒரு வார்த்தை பேசினால் போதும், குரலை வைத்தே தெரிந்துகொள்வேன். ஆனால் நெட் போனால்தான் அவள் சுவரோரம் வருவாள்.

ரௌட்டர் பிளக்கைப் பிடுங்கினேன்.

“இன்னாங்க பண்றீங்க?”

“நீ சும்மா இரு.”

விளக்குகள் அணைந்தன. தோட்டத்துக்குப் போய்ச் சுவருக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கே சுவர் மார்பு உயரம்தான். கோழியிடம் என்ன சொல்லப் போகிறாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

கதவு திறந்தது. தம்பி மனைவி போனும் கையுமாக ஓடிவந்தாள். கோழியைத் தேடவில்லை. நேராக என்னைப் பார்த்து, “மாமா!” என்றாள்.

“நெட்டு போயிடுச்சுங்களா மாமா? அவுரு பேசிக்கினு இருந்தாரு, பாதியிலயே கட்டாயிடுச்சு.”

“யாரு?”

“அவுருதான். அவுரு போனு யார்டுல வுழுந்து, அதும்மேல டயரு ஏறிடுச்சாம். டிரைவரு போன்லேர்ந்து வீடியோ கால்ல கூப்புட்டாரு. இப்பதான் அதுவும் கெடைச்சுது.”

“வண்டி கவுந்துச்சின்னு...”

“அது வேற யாரோ வண்டி மாமா. அதுலயும் யாருக்கும் ஒண்ணும் இல்லியாம்.”

நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்தவனை நான்தான் பிளக்கைப் பிடுங்கி நிறுத்தியிருக்கிறேன். “இரும்மா” என்று உள்ளே ஓடி மறுபடியும் சொருகினேன். அது நம் அவசரத்துக்கு வருமா? முதலில் பவர் விளக்கு, பிறகு ஃபைபர் விளக்கு மினுக்கி மினுக்கி நின்றது, கடைசியாகத்தான் வைஃபை. நான் திரும்பி வருவதற்குள் அவள் கையில் போன் அடித்துவிட்டது.

“இன்னா ஆச்சு? கரன்ட் இல்லியா?” ஸ்பீக்கரில் தம்பியின் குரல். எப்போதும் சத்தமாகத்தான் பேசுவான்.

“கரன்ட்டெல்லாம் இருக்குது. நெட்டு மட்டும் போயி வந்துச்சு. மாமா இங்கதான் நிக்கறாரு.”

அவள் என்னைக் கேட்கவில்லை, அவனையும் கேட்கவில்லை. போனைச் சுவருக்கு மேலாக நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கரும்பு வண்டிகளுக்கு நடுவில் அவன் முகம், தாடியும் தூக்கமில்லாத கண்ணுமாக. அவனைப் பார்த்தால் நறுக்கென்று கேட்பதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன். எல்லாம் எங்கே போனதோ, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அதை மறைக்கக் கோபத்தை வரவழைத்துக்கொண்டேன்.

“ஒரு போன ஒழுங்கா வச்சிக்க மாட்டியாடா நீ?”

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதிலிருந்தே அவனிடம் எதையும் என்னால் மறைக்க முடிந்ததில்லை.

“ஏண்ணா,” என்றான், “என்னக் கூப்புடணும்னா வாயத் தொறந்து கூப்புடு. பிளக்கப் புடுங்காத.”