ஹோபியோ தம்பி கேட்ட ஒட்டகம்

அன்று பெரம்பலூர் லோடு ஆட்டோ ஸ்டாண்டில், வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். நான், ஸ்டாண்டுத் தலைவர் அண்ணன், எங்களோடு வண்டி ஓட்டும் நாலு பேர், லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து டவுனில் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் பாய், அவர் மாடியில் தங்கிக் காலேஜில் படித்த சோமாலியப் பையன்கள் இரண்டு பேர். ஒருவன் கையில் மாவுக்கட்டு. இன்னொருவன் கிளையில் தலை இடிக்கும் உயரம். சொந்த ஊர் ஹோபியோ என்று கடலோரத்தில் இருக்கிறதாம். அதனால் எங்களுக்கு அவன் ஹோபியோ தம்பி.

மாவுக்கட்டுக்குக் காரணம் என் வண்டி. முந்தின நாள் ரெட்டிபாளையத்திலிருந்து சிமெண்டு ஏற்றிவந்து காலேஜ் முக்கில் திரும்பும்போது, பின்பக்கம் அந்தப் பையனின் பைக்கில் தட்டிவிட்டது. நானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் எட்டாவதோடு நின்றவன். பயப்படுவதற்கு மட்டும் படிப்பு தேவைப்படவில்லை. வெளிநாட்டுப் பையன், கேஸ் டெல்லி வரைக்கும் போகும், லைசென்ஸைப் பிடுங்குவார்கள், வண்டிக்குத் தவணை கட்ட முடியாது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆண்டிமடத்துக்கு முந்திரி உடைக்கப் போகவேண்டியதுதான் என்று மனசு அதுபாட்டுக்கு ஓடியது. காலையில் பாய் போன் செய்தார். "போலீசுக்கெல்லாம் போவலப்பா. அவங்க ஊரு வழக்கப்படி பேசித் தீத்துக்கலாங்குறாங்க. ஒன் ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வா." அதைக் கேட்டதும் இருந்த பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

ஹோபியோ தம்பிக்கு டீக்கடையில் கற்ற தமிழ் நன்றாகவே வரும். "அண்ணே, ஒங்க அப்பா பேரு சொல்லுங்க" என்று ஆரம்பித்தான். சொன்னேன். "அவரோட அப்பா?" சொன்னேன். "அவரோட அப்பா?" எங்கள் பக்கத்தில் ஒருவன் பாட்டன் பூட்டன் வரை விசாரிக்கிறான் என்றால் அது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். என் ஆட்கள் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டாவிலும் ஏறியதில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவனோ தன் அப்பன், பாட்டன், பூட்டன் என்று மூச்சு விடாமல் ஒப்பித்துக்கொண்டே போனான். கேட்ட எங்களுக்குத்தான் மூச்சு வாங்கியது.

பாய் விளக்கிச் சொன்னார். அவர்கள் ஊரில் ஒருவன் இன்னொருவன் கையை ஒடித்துவிட்டால் அவன் தனியாக ஈடு கட்டுவதில்லை. ஒரு தாத்தா வழியில் வந்த பங்காளிகள் அத்தனை பேரும் பங்கு போட்டுக் கட்டவேண்டும். அதற்காகத்தான் பேர் கேட்பது. என் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான்.

"அப்ப அண்ணனுக்குப் பங்காளி இல்லையா?" என்றான் ஹோபியோ தம்பி.

தலைவர் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏன் இல்ல? நாங்கள்லாம் யாரு?" என்றார். அவருடைய அப்பா வயலில் நாற்று நட்டவர் என் அப்பா. அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டி என் அப்பா உள்ளே போனதில்லை.

"எல்லாருக்கும் ஒரே தாத்தாவாங்க?"

"ஆமா, ஒரே தாத்தாதான்."

"தாத்தா பேரு?"

"வேப்பமரம்னு போட்டுக்க தம்பி" என்றான் எங்கள் டிரைவர்களில் ஒருவன். "நெழலு குடுக்குறாருல்ல."

மாவுக்கட்டுப் பையன்தான் முதலில் சிரித்தான். பிறகு பேரம். கைக்கு ஒரு ஒட்டகம் என்றான் ஹோபியோ தம்பி. "ஒட்டகத்துக்கு நாங்க எங்கய்யா போறது? அப்படியே புடிச்சாந்தாலும் எங்க கட்டுறது?" என்றார் தலைவர். "ரஞ்சன்குடி கோட்டையில மேய வுட்டுருவோம்ண்ணே" என்று ஒருவன் யோசனை சொன்னான். பாய் நடுவில் புகுந்து ஒட்டகத்தைக் குறைத்துக் குறைத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குக் கொண்டுவந்தார். ஆறு பங்காளிகள், மாதம் ஆளுக்கு ஐந்நூறு, நாலு மாதத்தில் முடிந்துவிடும். மேற்கொண்டு ஒருநாள் ஆட்டுக்கறி பிரியாணி. அது மாவுக்கட்டுப் பையன் சொந்தமாகச் சேர்த்தது. அன்று ராத்திரி நான் அடித்துப்போட்டது போலத் தூங்கினேன்.

நாலாவது மாதத் தவணையோடு நான் மாடி ஏறியபோது ஹோபியோ தம்பி ஊருக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். பாக்கி வைத்து ஒருவரை அனுப்பிவிட்டால் எனக்கு அப்புறம் சோறு இறங்காது. மற்றவர்கள் பங்கை வாங்கிக்கொண்டான். என்னுடைய ஐந்நூறை மட்டும் என் சட்டைப்பையில் திரும்பச் செருகினான்.

"இது இருக்கட்டும்ண்ணே. எங்க வூட்டுக் கத ஒண்ணு இருக்கு."

அவன் கொள்ளுத்தாத்தா காலத்தில் இத்தாலிக்காரர்கள் ஹோபியோ சுல்தானைப் பிடித்து மொகதிஷுவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊர் ஊராகத் துப்பாக்கிகளைப் பிடுங்கினார்கள். சுல்தான் போன பிறகும் அவருடைய ஆட்கள் முள்ளுக்காட்டில் இருந்துகொண்டு சண்டை போட்டார்கள். அதில் கொள்ளுத்தாத்தாவுக்குக் காலில் குண்டு பட்டது. கிணற்றுத் தண்ணீருக்காகக் காலம்காலமாக அவர்களோடு அடித்துக்கொண்ட வேறொரு கூட்டம், அவரை ஏற்றிப்போக ஒரு பெண் ஒட்டகத்தைக் கொடுத்தது. கடனாகத்தான். அப்புறம் இத்தாலிக்காரர்கள் அந்தக் கூட்டத்துப் பெரியவர்களைக் கூப்பிட்டு, அரிசியும் துணியும் முன்னால் வைத்து, மறைந்திருப்பவர்களைக் காட்டச் சொன்னார்கள். பெரியவர்கள் தனியாகக் கூடிப் பேசினார்களாம். "அவங்க நமக்கு ஒரு ஒட்டகம் தரணும். சுட்டுட்டா யாருகிட்ட போயிக் கேக்குறது?" யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

"அந்த ஒட்டகத்த நாங்க இன்னும் குடுக்கலண்ணே" என்றான் தம்பி. "கல்யாணத்துக்குக் கல்யாணம் கேப்பாங்க. வருதுன்னு சொல்லுவோம். இத்தாலிக்காரன்கிட்ட பீரங்கி இருந்துச்சு. எங்கக்கிட்ட கடன் இருந்துச்சு."

அவன் ஊருக்குப் போய் வருஷங்கள் ஆகின்றன. போன மாசி மாதம் தலைவர் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் யாரோ என்னைக் காட்டி "இவுங்க யாரு?" என்று கேட்க, "பங்காளி. ஒரு ஒட்டகத்துல ஆறுல ஒரு பங்கு" என்று சொல்லிவிட்டு, தோளில் கைபோட்டு என்னை வீட்டுக்குள்ளே கூட்டிப்போனார் தலைவர். கேட்டவர் முழித்துக்கொண்டு நின்றார். அன்று நான் மூன்று தடவை பாயசம் வாங்கினேன்.

கவலை என்னை முழுக்க விட்டுவிடவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் கடன் என்ன ஆகும் என்று பெண்டாட்டியிடமும் பிள்ளைகளிடமும் விஷயத்தைச் சொல்லி வைத்திருக்கிறேன். பெருநாளைக்குப் பெருநாள் ஹோபியோவிலிருந்து போன் வரும். எடுத்ததும் நலம் விசாரிப்பதில்லை அவன்.

"அண்ணே, ஒட்டகம்?"

"வருது தம்பி. இப்பத்தான் ரஞ்சன்குடி தாண்டுது."

பாக்கி, ஐந்நூறு ரூபாய்.