பேச்சியம்மாள் அக்கா கேட்ட மேற்குச் சுவர்

தென்காசியில் வேறொரு வேலையிடத்தில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். கைப்பேசி இரண்டு முறை அடித்தது; துண்டித்தேன். மூன்றாம் முறை எடுத்து, "சீக்கிரம் சொல்லுங்க" என்றேன். உங்கள் தெரு பாத்திமா அக்கா. "பேச்சியம்மா போயிட்டா தம்பி. காலைல நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரி போற வழியிலேயே…"

இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் அவரோடு உட்கார்ந்து பீடி சுற்றியவர்கள். நகராட்சிப் பொறியாளனான எனக்கு இரண்டு வருடப் பழக்கம்தான். அதிலும் பாதி சண்டை.

தெருவுக்குப் பின்னால் முள்ளும் குப்பையுமாகக் கிடந்த இடத்தைப் பூங்காவாக்கச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர் அவர். அவருடைய பிள்ளைகள் ஊஞ்சலாடும் வயதைத் தாண்டியிருந்தார்கள். "தெருப் பிள்ளைய பூரா பஸ் போற ரோட்டுல வெளையாடுது. ஒங்களுக்குப் பதறலையா?" என்றார். நான் அளக்கப் போன அன்று பீடித் தட்டோடு வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டார். மேற்கே ஒரு சுவர் வேண்டுமாம். குற்றாலத்துப் பக்கமிருந்து வரும் சாரல் காற்றில் தட்டிலுள்ள புகையிலைத் தூள் நிற்காது; பீடி சுற்றும் தாய்மார் உட்கார முடியாவிட்டால் பிள்ளைகளும் வராது.

"அக்கா, இது பார்க்கு. பீடிக் கம்பெனி இல்ல."

"அப்பம் காத்துக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பிருங்க, ஒங்க ஆபீஸ்லேருந்து."

பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. சுவர் பார்வையை மறைக்கும், குடிகாரர்கள் ஒதுங்குவார்கள் என்றேன். உண்மைக் காரணம், வரைபடத்தைத் திருத்தச் சோம்பல். நான்கு பக்கமும் கம்பி வேலி போட்டேன்.

ஆனி பிறந்தது, சாரல் காற்றும் தொடங்கியது. பெண்கள் வந்தார்கள், தூள் பறந்தது, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பேச்சியம்மாள் அக்கா இரண்டு பழைய சேலைகளை வேலியில் கட்டினார். மறுநாளே பிள்ளைகள் திரும்பினார்கள். அந்த வாரம் மேலதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. அசிங்கமாக இருக்கிறது, அவிழுங்கள் என்றேன். அவரே அவிழ்த்தார்.

"ஆபீசர் போனப்புறம் கட்டிக்கிடலாமா?"

"கூடாது."

"நீங்க பாத்துட்டுப் போறதுக்குக் கட்டியிருக்கீய தம்பி. நாங்க கேட்டது உக்காந்து இருக்கதுக்கு."

அன்று மாலை ஊஞ்சல்கள் காற்றில் தாமாக ஆடின. பிள்ளைகள் சாலையில் இருந்தார்கள். அதைப் பார்த்த பிறகும் சுவருக்கு எழுதி அனுப்ப எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. சென்ற மாதம் அனுமதி வந்தது. வேலை தொடங்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். என் அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை. போகவில்லை.

நேற்று குறியிட வந்தேன். எவ்வளவு உயரம் என்று அவரைத்தான் கேட்டிருக்க வேண்டும். பாத்திமா அக்காவைத் தட்டோடு உட்காரச் சொல்லி, தலை மறையும் உயரத்தில் நூல் கட்டினேன். எழுந்து பார்த்தால் என் இடுப்பளவுதான். எந்தப் பார்வையையும் மறைக்காத சுவர்.

"அனுமதி வந்தது அவளுக்குத் தெரியுமா தம்பி?"

தெரியாது, நான் சொல்லவில்லை என்றேன்.

சுவர் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும். "நீங்க சொன்னதுதான் சரிக்கா" என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வரி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.