காலி இருக்கையில் வைத்த பை

மாரிகுப்பத்தில் ஏறுகிறவர்களுக்குத்தான் உட்கார இடம் கிடைக்கும். பெங்களூர் போகிற காலை ரயில் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் ஏறுகிறவர்கள் எங்களை நம்பித்தான் வருகிறார்கள். நாங்கள் பையையோ துப்பட்டாவையோ போட்டு இடம் பிடித்து வைப்போம். யாருக்கு என்பது எங்கள் விருப்பம்.

இரண்டு வருடமாக நான் ஒரு பெண்ணுக்கு இடம் பிடித்து வைத்தேன். பக்கத்தில் இருக்கும் பெரிய இயந்திரத் தொழிற்சாலையின் காலனியிலிருந்து வருகிறவர். அவர் மகளும் என் மகளும் ஒரே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அவருக்கு முழங்கால் வலி. எலாஸ்டிக் பட்டி மாட்டிக்கொண்டு நொண்டியபடி ஏறியதைப் பார்த்துத்தான் முதல் நாள் நானாகவே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

எங்களுடையது லைன் வீடு. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வெள்ளைக்காரன் வரிசையாகக் கட்டிக் கொடுத்தவை. என் சிறு வயதில், அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது டிபன் கேரியரில் ஒரு வாய் மிச்சம் இருக்கும். எந்த வீட்டுப் பிள்ளை முதலில் ஓடிப்போய் கேரியரை அவர் கையிலிருந்து வாங்குகிறதோ, அதுதான் திறந்து எல்லோருக்கும் பிரிக்கும். பிரிக்கிற பிள்ளை கடைசியில் எடுக்க வேண்டும். மிஞ்சினால் உண்டு, இல்லாவிட்டால் விரலை நக்கிக்கொள்ளலாம். அந்தக் கேரியருக்காக அடித்துக்கொண்டோம். தின்ன அல்ல, பிரிக்க. சுரங்கம் மூடிய பிறகும் இது போகவில்லை. இப்போது ரயிலை விட்டு இறங்கி வருகிறவர்களின் பைக்கு ஓடுகிறார்கள். என் மகள் நான்கு வயதிலேயே நன்றாகப் பிரிப்பாள். ஒரு முறுக்கை ஏழாக உடைப்பாள்.

பெங்களூரில் என் அலுவலகத்துப் பெண்களின் அபார்ட்மெண்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே மாதிரி ஒரு தின்பண்டப் பாக்கெட் கொடுத்துவிடுகிறார்கள். யாரும் யாருக்கும் கொடுக்க வேண்டியதே இல்லை. காலனியில் வேறு முறை. கேட்க வேண்டும், அவர்கள் சரி என்க வேண்டும், பிறகு நன்றி சொல்ல வேண்டும். எல்லாமே பிள்ளைகளுக்கு நல்லது சொல்லித் தருகிற வழிகள்தான். இது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் என் வயிற்றெரிச்சல் தீரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பள்ளியில், அந்தக் காலனிப் பெண்ணின் மகள் ஒரு டப்பா நிறைய மைசூர்பாகு கொண்டு வந்திருக்கிறாள். என் மகள் ஓடிப்போய் அதை அவள் கையிலிருந்து வாங்கி, திறந்து, ஒன்பது பேருக்கும் உடைத்துக் கொடுத்துவிட்டாள். முதல் துண்டு டப்பாக்காரிக்கு. கடைசியில் தாளில் ஒட்டிய தூள் தனக்கு. டப்பாக்காரி அழுதாள். என் மகளுக்கு அவள் ஏன் அழுகிறாள் என்றே தெரியவில்லை.

மறுநாள் அரை நாள் பள்ளி. பிள்ளைகளை அழைத்துப்போக நானும் அந்தப் பெண்ணும் கேட்டில் நின்றோம். சுற்றிலும் மற்ற தாய்மார்கள்.

"உங்க பொண்ணு என் பொண்ணோட டப்பாவப் பிடுங்கிக் காலி பண்ணிட்டா, தெரியுமா?"

நான் சிரித்தேன். ரயிலில் பேசுகிற கிண்டல் என்று நினைத்தேன். "புடுங்கலைங்க, வாங்கிப் பிரிச்சா. எங்க லைன்ல அப்பிடித்தான்."

"அதைத்தான் சொல்றேன். லைன்ல திருட்டுக்கும் பழக்கம்னு பேர் வச்சிருப்பீங்க."

என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை மெதுவாக நழுவியது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். வீடு வரும்வரை அப்படியே நடந்தாள்.

அன்று மாலை நான் இட்லி வைத்தேன். அவள் தட்டில், அவளுக்கு வைத்த இட்லி. "இத தொடலாமாம்மா?" என்று கேட்டாள். அடுத்த நாளும் கேட்டாள். தண்ணீர் டம்ளர், சீப்பு, அவளுடைய சொந்தப் போர்வை, எதைத் தொடும் முன்பும் கேட்டாள். லைனில் பிள்ளைகள் யார் பைக்கோ ஓடிய சத்தம் கேட்டபோது வாசல்வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினாள். அதைப் பார்த்த போதுதான் முடிவு செய்தேன். அந்தப் பெண்ணைச் சும்மா விடுவதில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல் பக்கத்து இருக்கையில் பையை வைத்தேன். அவர் ஏறி, நேராக வந்தார். அன்று சொன்னதை அவர் மறந்தே போயிருந்தார் என்று நினைக்கிறேன். அதுதான் இன்னும் எரிந்தது.

"ஆள் வராங்க," என்றேன்.

"யாரு?"

"வராங்க."

மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பங்காருபேட்டையில் கல்லூரிப் பெண் ஒருத்தி ஏறினாள், முன்பின் பார்த்திராதவள். "வாம்மா, உக்காரு," என்று அவரைத் தாண்டிக் கூப்பிட்டு, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மறுநாள் ஒரு கீரைக்காரி. அதற்கு மறுநாள் கைக்குழந்தைக்காரி. அந்தப் பெட்டியிலேயே என்னைப் போல் தாராளமானவள் இல்லை என்று பெயர் வாங்கினேன். யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்தேன், அவருக்கு மட்டும் இல்லை. கொடுப்பதை வைத்தே ஒருவரை இவ்வளவு அடிக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

எதிரில் உட்காரும் நர்ஸ் எங்கள் லைன்தான். "இன்னாக்கா, மகாராணிய நிக்க வெச்சிட்டு ஊருக்கெல்லாம் சிம்மாசனம் குடுக்குற," என்பாள். நான், அந்தப் பெண் வலிக்கும் காலிலிருந்து மற்ற காலுக்கு எடையை மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சூடாகக் காபி குடிப்பது போல இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் ஒன்று விடாமல் சொல்வேன். இன்று யார் உட்கார்ந்தது, அவர் எத்தனை முறை கால் மாற்றினார். கணவர் கேட்டுவிட்டு, "போதும் வுடு," என்பார். மகள் பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பாள்.

இரண்டு மாதம் போனது. மகளைக் கண் மருத்துவரிடம் காட்ட ஒரு நாள் ரயிலில் அழைத்துப் போனேன். அவள் ஜன்னல் ஓரம், நான் அடுத்து, என் மறுபக்கத்தில் பை. சிறிது நேரத்தில், "நா அந்தாண்ட வரேன்மா," என்று என்னைத் தாண்டி வந்து உட்கார்ந்துகொண்டாள். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். எனக்கும் பைக்கும் நடுவில் இப்போது அவள்.

அந்தப் பெண் ஏறினார். என்னைப் பார்க்கவில்லை. என் மகளிடம் குனிந்து, "பாப்பா, கொஞ்சம் பையை எடும்மா. கால் ரொம்ப வலிக்குது," என்றார்.

என் மகள் பையை எடுத்தாள். எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, இரண்டு காலையும் தூக்கி அந்த இருக்கையில் நீட்டினாள். "ஆள் வராங்க, ஆன்ட்டி," என்றாள். என் குரல். என் இழுவை. நர்ஸ் சிரித்துவிட்டாள். நானும்தான். அந்த ஒரு நிமிடம் என் வாழ்க்கையின் இனிப்பான நிமிடங்களில் ஒன்று என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவர் நிமிர்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இப்பல்லாம் என் பொண்ணு டப்பாவ யாரும் தொடறதில்லைங்க. கொண்டுபோனது அப்படியே வீட்டுக்கு வருது. அதத் தொடாதீங்க, அவங்க அம்மா சண்டைக்கு வருவாங்கன்னு பசங்க சொல்றாங்களாம். தனியா உக்காந்து சாப்பிடறா. அன்னிக்கு நான் பேசினது தப்பு."

அந்தப் பிள்ளைக்காக இரங்கியிருக்க வேண்டும். எனக்கு இனித்தது. "எங்கிட்ட சொல்லாதீங்க. அவகிட்ட சொல்லுங்க," என்றேன். பெட்டியே கேட்கும்படி.

அவர் சொன்னார். "நீ திருடலம்மா. ஆன்ட்டிதான் தப்பா சொல்லிட்டேன்."

இதற்காகத்தான் இரண்டு மாதம். கிடைத்துவிட்டது. "காலை எடு பாப்பா, ஆன்ட்டி உக்காரட்டும்," என்றேன்.

அவள் எடுக்கவில்லை. "நீதான ஆள் வராங்கன்னு சொல்லச் சொன்ன?"

"நான் எப்ப சொன்னேன்?"

"டெய்லி அப்பாகிட்ட சொல்றியே."

ரயில் பங்காருபேட்டையில் நின்றது. கூட்டம் ஏறியது. பூக்கூடையோடு ஒரு அம்மா உள்ளே நெருக்கிக்கொண்டு வந்தார். என் மகள் காலை மடக்கினாள். அந்தப் பெண்ணைத் தாண்டிக் கையை நீட்டி, "வாங்கம்மா, இங்க உக்காருங்க," என்று கூப்பிட்டாள். பூக்காரம்மா உட்கார்ந்து அவள் கன்னத்தை வழித்தார். "எம்மா நல்ல மனசு இந்தப் பொண்ணுக்கு."

என் மகள் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. நின்றுகொண்டிருந்த காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முழங்கால் பட்டி மாட்டிய காலை.

எழுந்து, என் இடத்தை அந்தப் பெண்ணுக்குக் காட்டினேன். அவர் திரும்புவதற்குள் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். ஆகவே நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெங்களூர்வரை நின்றுகொண்டே போனோம்.

அந்தப் பெண்ணை நான் மன்னிக்கவில்லை. கேட்டில் அவர் வாயிலிருந்து வந்ததை எந்த மன்னிப்பும் திரும்ப எடுத்துக்கொண்டு போகாது. என் மகள் தட்டைத் தொடக் கேட்டது அவரால்தான். அதற்கு அவர் இன்னும் இரண்டு வருடம் நின்றாலும் எனக்குப் போதாது. ஆனால் இப்போது அவர் ஏறும்போது பையை எடுத்துவிடுகிறேன். அவர் உட்காருகிறார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

வீட்டில் மகள் இப்போது எதையும் தொடக் கேட்பதில்லை. தினமும் மாலை வேறொன்று கேட்கிறாள்.

"இன்னிக்கு அந்த ஆன்ட்டி உக்காந்தாங்களா?"

"உக்காந்தாங்க."

"ஏன் உட்ட?"

அவளுக்கு எதையாவது சொல்லிச் சமாளிக்கிறேன். அவள் தலையை ஆட்டிவிட்டு எழுதப் போகிறாள். மறுநாள் மாலை மறுபடி கேட்கிறாள்.